திருப்பதி, சித்தூர்: தெலுங்கு தேசம் கட்சியின் சொந்த மண்ணில் 40 ஆண்டுத் தேர்தல் கணக்கு

திருப்பதி: ஆந்திரப் பிரதேசத்தில் 2024 மே 13 அன்று சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடைபெற்றது. அன்று திருப்பதி நகர வாக்காளர்கள் முன்பு இரண்டு மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்கள் வைக்கப்பட்டிருந்தன. இரண்டிலும் தெலுங்கு தேசம் கட்சியின் சைக்கிள் சின்னம் இடம்பெறவில்லை. சட்டமன்றத் தொகுதி ஜனசேனா கட்சிக்கும், மக்களவைத் தொகுதி பாரதிய ஜனதா கட்சிக்கும் கூட்டணி உடன்பாட்டில் ஒதுக்கப்பட்டிருந்தன.

கட்சியின் நிறுவனர் என்.டி. ராமராவ் 1983-ஆம் ஆண்டு முதன்முறையாகத் தேர்தல் களம் கண்ட இரு தொகுதிகளுள் ஒன்று திருப்பதி. தற்போதைய தலைவரும் முதலமைச்சருமான சந்திரபாபு நாயுடு பிறந்த நாராவாரிபள்ளி கிராமம் திருப்பதிக்கு அருகில் உள்ளது. அவர் பயின்றதும் திருப்பதியில்தான். இத்தகைய ஊரில் கட்சியின் சின்னமே இல்லாமல் ஒரு பொதுத் தேர்தல் நடந்து முடிந்தது.

தெலுங்கு தேசம் என்றாலே சித்தூர் மாவட்டம் அக்கட்சியின் கோட்டை என்ற எண்ணம் தமிழக வாசகர்களிடையே பரவலாக உண்டு. தேர்தல் முடிவுகள் காட்டும் சித்திரம் வேறு. பழைய மாவட்டத்தின் தலைநகரான சித்தூரிலும், 2022-இல் உருவான புதிய மாவட்டத்தின் தலைநகரான திருப்பதியிலும் அக்கட்சி வென்ற தேர்தல்களைவிடத் தோற்ற தேர்தல்களே அதிகம்.

ஒரு மாவட்டம், இரு தலைநகரங்கள்

சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1 அன்று சென்னை மாகாணத்தில் உருவாக்கப்பட்டது. அதற்கு முன்பு சித்தூர் நகரம் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது இம்மாவட்டம் அதனுடன் இணைந்தது. எல்லைச் சிக்கலுக்குத் தீர்வாக 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி தமிழகத்துக்கு மாற்றப்பட்டது. செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த சத்தியவேடு பகுதி ஆந்திராவுக்குச் சென்றது. சித்தூர், நகரி, சத்தியவேடு, குப்பம் பகுதிகளில் இன்றும் தமிழ் பேசும் வாக்காளர்கள் கணிசமாக உள்ளனர்.

2022 ஏப்ரல் 4 அன்று அப்போதைய ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் அரசு மாநிலத்தின் மாவட்டங்களை மறுசீரமைத்தது. திருப்பதியைத் தலைநகராகக் கொண்டு தனி மாவட்டம் அமைந்தது. நெல்லூர் மாவட்டத்தின் சில பகுதிகளும் அதில் சேர்க்கப்பட்டன. ஒருங்கிணைந்த சித்தூர் மாவட்டத்தில் 14 சட்டமன்றத் தொகுதிகள் இருந்தன. அரசியல் கட்சிகள் தேர்தல் கணக்கைப் பேசும்போது இந்தப் பழைய எல்லையையே இன்றும் அளவுகோலாகக் கொள்கின்றன.

1983: முதல் அலை

தெலுங்கு தேசம் கட்சியை 1982 மார்ச் 29 அன்று ஐதராபாத்தில் ராமராவ் தொடங்கினார். ஒன்பது மாதங்களில் நடைபெற்ற தேர்தலில் அவர் கிருஷ்ணா மாவட்டத்தின் குடிவாடாவிலும் திருப்பதியிலும் போட்டியிட்டார். தெலுங்குத் திரையில் வேங்கடேசப் பெருமாளாகத் தோன்றி மக்கள் மனத்தில் பதிந்திருந்த நடிகருக்குத் திருமலை அடிவாரத் தொகுதி இயல்பான தேர்வாக அமைந்தது. அன்றைய சட்டமன்றத் தலைவர் அகரால ஈஸ்வர ரெட்டி காங்கிரஸ் சார்பில் வென்றிருந்த தொகுதி அது.

ராமராவ் இரு தொகுதிகளிலும் வென்றார். கட்சி 294 இடங்களில் 200-க்கும் மேற்பட்ட இடங்களைக் கைப்பற்றியது. 1983 ஜனவரி 9 அன்று அவர் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். பின்னர் குடிவாடாவைத் தக்கவைத்துக்கொண்டு திருப்பதியை விட்டுக்கொடுத்தார். அதே ஆண்டு நடந்த இடைத்தேர்தலில் கட்சியின் கத்துல சியாமளா வென்றார். சித்தூர் சட்டமன்றத் தொகுதியிலும் அக்கட்சியின் என்.பி. ஜான்சி லட்சுமி வெற்றி பெற்றார்.

இதே தேர்தலில் மற்றொரு முடிவும் பின்னாளில் முக்கியத்துவம் பெற்றது. திருப்பதிக்கு அடுத்த சந்திரகிரித் தொகுதியில் 1978-இல் காங்கிரஸ் சார்பில் வென்று அமைச்சராகவும் இருந்தவர் சந்திரபாபு நாயுடு. ராமராவின் மருமகனான அவர், மாமனாரின் கட்சி வேட்பாளரிடம் 1983-இல் தோல்வியடைந்தார். அதன் பின்னரே அவர் தெலுங்கு தேசத்தில் இணைந்தார்.

ராமராவ் ஆட்சியில் திருப்பதி நகரம் சில நிலையான பயன்களைப் பெற்றது. பெண்களுக்கான ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் 1983-இல் நிறுவப்பட்டது. திருமலையில் பக்தர்களுக்கான அன்னதானத் திட்டம் 1985-இல் தொடங்கியது. சென்னைக்குக் கிருஷ்ணா நீரைக் கொண்டுவரும் தெலுங்கு கங்கைத் திட்டத்துக்கான ஒப்பந்தம் 1983-இல் ராமராவும் தமிழக முதலமைச்சர் எம்.ஜி.ஆரும் பதவியில் இருந்தபோது கையெழுத்தானது.

மாநிலத்துக்கு எதிர்த்திசை

முதல் வெற்றியின் சூடு தணிவதற்குள்ளாகவே திருப்பதி மாறியது. 1985 இடைக்காலத் தேர்தலில் தெலுங்கு தேசம் மாநிலம் முழுவதும் 202 இடங்களில் வென்றது. ஆனால் திருப்பதித் தொகுதியைக் காங்கிரஸின் மப்பு ராமி ரெட்டி கைப்பற்றினார். 1989-இலும் அவரே வென்றார். நிறுவனர் வென்ற தொகுதியை மீண்டும் அடையக் கட்சிக்கு 1994 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு ஏ. மோகனும், 1999-இல் சதலவாட கிருஷ்ணமூர்த்தியும் வென்றனர். திருப்பதியில் கட்சி அடுத்தடுத்த இரு பொதுத் தேர்தல்களில் வென்றது அந்த ஒரு முறை மட்டுமே.

சித்தூர் நகரின் போக்கு இன்னும் வேறுபட்டது. 1983-க்குப் பிறகு அங்கு அடுத்த நான்கு தேர்தல்களிலும் தெலுங்கு தேசம் வெல்லவில்லை. 1989-இல் சுயேச்சையாக வென்ற சி.கே. ஜெயச்சந்திர ரெட்டி என்கிற சி.கே. பாபு, 1994, 1999 ஆகிய தேர்தல்களில் காங்கிரஸ் சார்பில் வென்றார். 1994-இல் தெலுங்கு தேசம் 216 இடங்களை வென்ற பேரலையிலும், 1999-இல் 180 இடங்களை வென்ற தேர்தலிலும் சித்தூர் நகரம் அவர் பக்கமே நின்றது.

2004-இல் கணக்கு தலைகீழானது. மாநிலத்தில் ஆட்சியை இழந்து 47 இடங்களாகச் சுருங்கிய தெலுங்கு தேசத்துக்கு, 20 ஆண்டுகளாகக் கைக்கு எட்டாத சித்தூர் தொகுதி கிடைத்தது. ஏ.எஸ். மனோகர் அங்கு வென்றார். அதே தேர்தலில் திருப்பதி காங்கிரஸின் எம். வெங்கடரமணாவிடம் போனது. அத்தேர்தலுக்கு முன்பு, 2003 அக்டோபர் 1 அன்று, பிரம்மோற்சவத்துக்காகத் திருமலை சென்றுகொண்டிருந்த முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு மீது அலிபிரியில் நக்சலைட்டுகள் கண்ணிவெடித் தாக்குதல் நடத்தினர். அவர் காயங்களுடன் உயிர் தப்பினார். அதன் பின் அவர் சட்டமன்றத்தை முன்கூட்டியே கலைத்துத் தேர்தலைச் சந்தித்தார். தாக்குதலால் அனுதாப அலை எழும் என்ற எதிர்பார்ப்பு, சம்பவம் நடந்த திருப்பதி நகரிலேயே பலிக்கவில்லை.

2009-இல் நடிகர் சிரஞ்சீவி தொடங்கிய பிரஜா ராஜ்யம் கட்சி களம் புகுந்தது. சிரஞ்சீவி மேற்கு கோதாவரி மாவட்டத்தின் பாலகொல்லுவில் தோற்று, திருப்பதியில் வென்றார். தெலுங்கு தேசத்தின் நிறுவனரைப் போலவே திரையிலிருந்து வந்த இன்னொரு கட்சித் தலைவரை அந்நகரம் தேர்ந்தெடுத்தது. பிரஜா ராஜ்யம் காங்கிரஸுடன் இணைந்த பின் அவர் மாநிலங்களவைக்குச் சென்றார். அதனால் 2012 ஜூனில் இடைத்தேர்தல் நடந்தது. ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸின் பூமன கருணாகர் ரெட்டி வென்றார். காங்கிரஸின் வெங்கடரமணா இரண்டாம் இடம் பெற்றார். தெலுங்கு தேசம் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது.

ஒரு லட்சத்திலிருந்து 708 வரை

2014 ஏப்ரல் 30 அன்று திருப்பதியில் நடைபெற்ற தேசிய ஜனநாயகக் கூட்டணிப் பொதுக்கூட்டத்தில் நரேந்திர மோடி, சந்திரபாபு நாயுடு, ஜனசேனா தலைவர் பவன் கல்யாண் ஆகியோர் ஒரே மேடையில் தோன்றினர். அத்தேர்தலில் தெலுங்கு தேசம் திருப்பதிக்கு நிறுத்திய வேட்பாளர், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு காங்கிரஸ் சின்னத்தில் நின்ற அதே வெங்கடரமணா. அவர் கருணாகர் ரெட்டியை 41 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 1983-க்குப் பிறகு திருப்பதி, சித்தூர் ஆகிய இரு நகரத் தொகுதிகளும் ஒரே பொதுத் தேர்தலில் தெலுங்கு தேசத்துக்குக் கிடைத்தது 2014-இல்தான்.

பதவியேற்ற சில மாதங்களில், 2014 டிசம்பரில், வெங்கடரமணா காலமானார். 2015 பிப்ரவரி 13 அன்று நடந்த இடைத்தேர்தலில் அவருடைய மனைவி சுகுணா போட்டியிட்டார். ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் வேட்பாளரை நிறுத்தவில்லை. சுகுணா 1,16,524 வாக்கு வித்தியாசத்தில் காங்கிரஸ் வேட்பாளரைத் தோற்கடித்தார்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் 2019-இல் அதே சுகுணா, கருணாகர் ரெட்டியிடம் 708 வாக்குகளில் தொகுதியை இழந்தார். மாநிலத்தில் கட்சி 23 இடங்களாகச் சுருங்கிய அத்தேர்தலிலும் திருப்பதியில் போட்டி இவ்வளவு நெருக்கமாக இருந்தது. 1999-இல் தெலுங்கு தேசம் சார்பில் வென்ற சதலவாட கிருஷ்ணமூர்த்தி இம்முறை ஜனசேனா வேட்பாளராக நின்றார். அவர் பெற்ற வாக்குகள் அந்த 708-ஐவிடப் பன்மடங்கு அதிகம். இரு கட்சிகளும் இணைந்து நின்றிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்ற கணக்கு அன்றே உள்ளூர் நிர்வாகிகளிடம் எழுந்தது. பின்னாளில் திருப்பதி ஜனசேனாவுக்குக் கேட்கப்பட்டதன் வேர் இந்த எண்ணிக்கையில் உள்ளது.

சித்தூர் நகரம்

சித்தூரில் மனோகர் 2009-இல் சி.கே. பாபுவிடம் தோற்றார். 2014-இல் தொழிலதிபரும் முன்னாள் மக்களவை உறுப்பினருமான டி.கே. ஆதிகேசவுலு நாயுடுவின் மனைவி டி.ஏ. சத்யபிரபா தெலுங்கு தேசம் சார்பில் வென்றார். வாக்கு வித்தியாசம் ஏழாயிரத்துக்கும் குறைவு. அவரிடம் தோற்ற ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் வேட்பாளர் ஆரணி சீனிவாசுலு, 2019-இல் மனோகரை ஏறத்தாழ 40 ஆயிரம் வாக்குகளில் வென்று சட்டமன்றம் சென்றார்.

2024-இல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் அவருக்கு மீண்டும் வாய்ப்பு அளிக்கவில்லை. அவர் ஜனசேனாவில் சேர்ந்து திருப்பதி வேட்பாளரானார். சித்தூரில் தெலுங்கு தேசம் புதுமுகமான குரஜால ஜகன்மோகனை நிறுத்தியது. அவர் 14,604 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார்.

குப்பம் தாங்கிய சித்தூர் மக்களவைத் தொகுதி

நகரச் சட்டமன்றத் தொகுதியில் இவ்வளவு தடுமாறிய கட்சிக்குச் சித்தூர் மக்களவைத் தொகுதி நேர்மாறான பலனைத் தந்தது. ஒரு காலத்தில் மக்களவைத் தலைவர் எம். அனந்தசயனம் அய்யங்காரும், சுதந்திரா கட்சியின் என்.ஜி. ரங்காவும் வென்ற தொகுதி இது. 1984-இல் ஜான்சி லட்சுமி இத்தொகுதியைத் தெலுங்கு தேசத்துக்குப் பெற்றுத் தந்தார். அத்தேர்தலில் 30 இடங்களை வென்று மக்களவையின் மிகப்பெரிய எதிர்க்கட்சியாகத் தெலுங்கு தேசம் அமர்ந்தது. அடுத்த இரு தேர்தல்களில் காங்கிரஸின் எம். ஞானேந்திர ரெட்டி வென்றார்.

1996 முதல் 2014 வரை நடந்த ஆறு தேர்தல்களிலும் சித்தூர் தெலுங்கு தேசத்தின் பக்கமே இருந்தது. 1996, 1998, 1999-இல் என். ராமகிருஷ்ணா ரெட்டியும், 2004-இல் ஆதிகேசவுலு நாயுடுவும், 2009, 2014-இல் என். சிவபிரசாத்தும் வென்றனர். 2004-இல் மாநிலம் முழுவதும் ஐந்து மக்களவை இடங்கள் மட்டுமே கிடைத்தபோது அவற்றுள் சித்தூரும் ஒன்று. ஆனால் 2008 ஜூலையில் மன்மோகன் சிங் அரசு மீதான நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆதிகேசவுலு நாயுடு கட்சிக் கட்டளையை மீறி அரசை ஆதரித்தார். பின்னர் அவர் திருமலை திருப்பதி தேவஸ்தான அறங்காவலர் குழுத் தலைவரானார்.

2009 முதல் தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மருத்துவரும் நடிகருமான சிவபிரசாத், மாநிலத்துக்குச் சிறப்பு அந்தஸ்து கோரி 2018-இல் நாடாளுமன்ற வளாகத்தில் நாள்தோறும் வெவ்வேறு வேடமிட்டுப் போராடியதன் மூலம் நாடு முழுவதும் அறியப்பட்டார்.

இத்தொடர் வெற்றியின் விளக்கம் சித்தூர் நகரில் இல்லை. தமிழகத்தின் கிருஷ்ணகிரி, கர்நாடகத்தின் கோலார் மாவட்டங்களை ஒட்டிய குப்பத்தில் உள்ளது. 1983 முதல் குப்பம் சட்டமன்றத் தொகுதியைத் தெலுங்கு தேசம் இழந்ததே இல்லை. 1989 முதல் 2024 வரை எட்டுத் தேர்தல்களில் சந்திரபாபு நாயுடு அங்கு தொடர்ந்து வென்றுள்ளார். 2014-இல் குப்பத்தில் அவருடைய முன்னிலை 47,121 வாக்குகள். அதே தேர்தலில் சித்தூர் மக்களவைத் தொகுதி முழுவதிலும் சிவபிரசாத் பெற்ற முன்னிலை 44 ஆயிரத்தைச் சற்றே தாண்டியது. ஏழு சட்டமன்றத் தொகுதிகள் கொண்ட மக்களவைத் தொகுதியின் முடிவை ஒரு தொகுதியின் முன்னிலையே தீர்மானிக்கும் நிலை இருந்தது. 2009-இலும் இதே நிலைதான். சிவபிரசாத்தின் வெற்றி வித்தியாசம் ஏறத்தாழ 10 ஆயிரம், குப்பத்தில் நாயுடுவின் முன்னிலை 46 ஆயிரம்.

2019-இல் குப்பத்தில் நாயுடுவின் முன்னிலை 30,722 ஆகக் குறைந்தது. மற்ற தொகுதிகளில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் பெரும் முன்னிலை பெற்றது. சிவபிரசாத் 1,37,271 வாக்குகளில் என். ரெட்டப்பாவிடம் தோற்றார். 2024-இல் தக்குமல்ல பிரசாத ராவ் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் தொகுதியை மீட்டார்.

ஒரே ஒரு முறை கிடைத்த திருப்பதி

திருப்பதி மக்களவைத் தொகுதியின் கதை இதற்கு எதிரானது. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட இத்தொகுதியில் தெலுங்கு தேசம் தன் சின்னத்தில் வென்றது 1984-இல் மட்டுமே. அன்று வென்ற சிந்தா மோகன் பின்னர் காங்கிரஸுக்குச் சென்று அக்கட்சியின் சார்பில் இதே தொகுதியில் பல முறை வென்றார். 1999-இல் கூட்டணிக் கட்சியான பா.ஜ.க.வின் வேட்பாளர் வென்றார். 2014 முதல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் இத்தொகுதியைத் தொடர்ந்து தக்கவைத்து வருகிறது.

2019-இல் தெலுங்கு தேசத்தின் பனபாக லட்சுமி 2,28,376 வாக்குகளில் தோற்றார். வென்ற பல்லி துர்கா பிரசாத் ராவ் 2020-இல் மறைந்ததால் 2021 ஏப்ரல் 17 அன்று இடைத்தேர்தல் நடந்தது. அதிலும் லட்சுமியே நின்றார். ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸின் எம். குருமூர்த்தி 2,71,592 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வெளியூர்களிலிருந்து போலி வாக்காளர்கள் அழைத்துவரப்பட்டதாகத் தெலுங்கு தேசமும் பா.ஜ.க.வும் குற்றம்சாட்டின. ஆளுங்கட்சி அதை மறுத்தது.

தொகுதியின் அமைப்பும் இம்முடிவுகளுக்கு ஒரு காரணம். மக்களவைத் தொகுதியின் பெயர் திருப்பதி என்றாலும், அதன் ஏழு சட்டமன்றத் தொகுதிகளில் சர்வேபள்ளி, கூடூர், சூலூர்பேட்டை, வெங்கடகிரி ஆகிய நான்கும் பழைய நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. குப்பம் போன்ற நிலையான வாக்குத்தளம் இவற்றுள் ஒன்றிலும் தெலுங்கு தேசத்துக்கு இல்லை.

தலைவர் பிறந்த சந்திரகிரி

திருப்பதி நகரை ஒட்டிய சந்திரகிரித் தொகுதியும் கட்சிக்கு நீண்ட காலம் எட்டாக்கனியாக இருந்தது. 1994-இல் நாயுடுவின் தம்பி நாரா ராமமூர்த்தி நாயுடு வென்ற பிறகு, அடுத்தடுத்த ஐந்து தேர்தல்களில் கட்சி அங்கு தோற்றது. 1999, 2004, 2009-இல் காங்கிரஸின் கல்லா அருணகுமாரி வென்றார். 2009-இல் அவரிடம் தோற்ற தெலுங்கு தேசம் வேட்பாளர், தமிழ்த் திரையுலகில் நன்கறியப்பட்ட நடிகை ரோஜா. பின்னர் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸில் சேர்ந்த அவர், நகரித் தொகுதியில் இரு முறை வென்று அமைச்சரானார். அருணகுமாரி 2014-இல் தெலுங்கு தேசத்துக்கு வந்து சந்திரகிரியில் நின்றார். அப்போது ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸின் செவிரெட்டி பாஸ்கர் ரெட்டி அவரைத் தோற்கடித்தார். 30 ஆண்டுகளுக்குப் பிறகு 2024-இல்தான் புலிவர்த்தி நானி தலைவரின் சொந்தத் தொகுதியைக் கட்சிக்கு மீட்டுத் தந்தார்.

மாநகராட்சிகளின் ஏற்ற இறக்கம்

சித்தூர் நகராட்சி 2012-இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. 2014-இல் நடந்த மாநகராட்சித் தேர்தலில் தெலுங்கு தேசம் வென்றது. கடாரி அனுராதா மேயரானார். 2015 நவம்பர் 17 அன்று மாநகராட்சி அலுவலகத்திலேயே அவர் கொல்லப்பட்டார். அவருடைய கணவர் மோகனும் அத்தாக்குதலில் உயிரிழந்தார். ஏறத்தாழ பத்தாண்டுகள் நடந்த வழக்கில் 2025 அக்டோபரில் சித்தூர் நீதிமன்றம் ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. சித்தூர் நகரக் கட்சி அமைப்பு சந்தித்த மிகக் கொடிய இழப்பு அதுவே.

திருப்பதி 2007-இல் மாநகராட்சியாக அறிவிக்கப்பட்டாலும், மாநகராட்சி மன்றத்துக்கான முதல் தேர்தல் 2021 மார்ச் 10 அன்றுதான் நடந்தது. இடைப்பட்ட 14 ஆண்டுகளில் நகரில் எந்தக் கட்சிக்கும் மாநகராட்சி உறுப்பினர் என்ற நிலையில் ஒரு தலைமுறை வளரவில்லை. மொத்தம் 50 வட்டங்களில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் 48-ஐக் கைப்பற்றியது. தெலுங்கு தேசத்துக்குக் கிடைத்தது ஒன்று. மற்றொரு வட்டத்தில் தேர்தல் நிறுத்தி வைக்கப்பட்டது. சித்தூரில் 50 வட்டங்களில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் 46, தெலுங்கு தேசம் 3 என முடிவு அமைந்தது. சித்தூரில் 37 வட்டங்களில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் வேட்பாளர்கள் போட்டியின்றித் தேர்வாயினர். தங்கள் வேட்பாளர்கள் மிரட்டப்பட்டு மனுக்களைத் திரும்பப் பெற்றதாகத் தெலுங்கு தேசம் புகார் கூறியது. ஆளுங்கட்சி அப்புகாரை ஏற்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் குப்பம் நகராட்சியின் முதல் தேர்தலிலும் 25 வட்டங்களில் 19-ஐ ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் வென்றது.

ஆட்சி மாறியதும் மன்றங்களின் நிறமும் மாறியது. 2025 பிப்ரவரி 4 அன்று நடந்த திருப்பதி துணை மேயர் தேர்தலில் தெலுங்கு தேசத்தின் முனிகிருஷ்ணா 26 வாக்குகள் பெற்று வென்றார். எதிர்த்து நின்றவருக்கு 21 வாக்குகள் கிடைத்தன. ஒரே ஓர் உறுப்பினருடன் மன்றத்துக்குள் நுழைந்த கட்சி, நான்கு ஆண்டுகளில் தேர்தல் எதுவும் நடக்காமலேயே பெரும்பான்மை ஆதரவைப் பெற்றது. இம்முறை மிரட்டல் புகார் எழுப்பியது ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ். மறுத்தது தெலுங்கு தேசம்.

2024: வெற்றியும் விட்டுக்கொடுத்தலும்

2023 ஜனவரி 27 அன்று நாயுடுவின் மகன் நாரா லோகேஷ் ‘யுவகளம்’ நடைப்பயணத்தைக் குப்பத்திலிருந்து தொடங்கினார். 2024-இல் தெலுங்கு தேசம் 144, ஜனசேனா 21, பா.ஜ.க. 10 எனச் சட்டமன்ற இடங்கள் பங்கிடப்பட்டன. திருப்பதியில் ஆரணி சீனிவாசுலுவின் பெயர் அறிவிக்கப்பட்டபோது, வெளியூர்க்காரருக்கு இடமளிப்பதா எனக் கூட்டணிக் கட்சிகளின் உள்ளூர் நிர்வாகிகளே தொடக்கத்தில் எதிர்ப்புத் தெரிவித்தனர். நகரில் கணிசமாக உள்ள பலிஜா சமூகத்தினரின் ஆதரவும், தேவஸ்தான ஊழியர் குடும்பங்களின் வாக்கும் வேட்பாளர் தேர்வில் பேசப்பட்டன. இறுதியில் சீனிவாசுலு, கருணாகர் ரெட்டியின் மகன் அபிநய் ரெட்டியை 61,956 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார்.

ஒருங்கிணைந்த மாவட்டத்தின் 14 தொகுதிகளில் 2014-இல் ஆறையும், 2019-இல் குப்பம் ஒன்றை மட்டுமே வென்ற தெலுங்கு தேசம், 2024-இல் 11 தொகுதிகளில் வென்றது. கூட்டணியாகக் கணக்கிட்டால் 12. புங்கனூரும் தம்பள்ளபள்ளியும் மட்டுமே ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸிடம் எஞ்சின.

இந்தப் பேரலையிலும் திருப்பதி மக்களவைத் தொகுதி நழுவியது. அதன் ஏழு சட்டமன்றத் தொகுதிகளிலும் கூட்டணி வேட்பாளர்களே வென்றனர். ஆனால் மக்களவைக்குப் போட்டியிட்ட பா.ஜ.க. வேட்பாளர் வி. வரபிரசாத் ராவ் 14,569 வாக்குகளில் குருமூர்த்தியிடம் தோற்றார். சட்டமன்றத்துக்குச் சைக்கிளுக்கும் கண்ணாடிக் குவளைக்கும் வாக்களித்தவர்களில் ஒரு பகுதியினர், மக்களவைக்குத் தாமரைக்கு வாக்களிக்கவில்லை என்பதே இதன் பொருள்.

தேர்தல் கணக்கு, ஒரே பார்வையில்

1983 முதல் 2024 வரை நடந்த 10 சட்டமன்றப் பொதுத் தேர்தல்களிலும், 1984 முதல் நடந்த 11 மக்களவைப் பொதுத் தேர்தல்களிலும் தெலுங்கு தேசம் தன் சின்னத்தில் பெற்ற வெற்றிகள்:

திருப்பதி சட்டமன்றம்: நான்கு (1983, 1994, 1999, 2014). இவை தவிர 1983, 2015 இடைத்தேர்தல்கள்.

சித்தூர் சட்டமன்றம்: நான்கு (1983, 2004, 2014, 2024).

சித்தூர் மக்களவை: எட்டு (1984, 1996, 1998, 1999, 2004, 2009, 2014, 2024).

திருப்பதி மக்களவை: ஒன்று (1984).

அடுத்து என்ன?

இந்த வரிசையை ஆராய்ந்தால், இரு நகரங்களிலும் கட்சியின் வெற்றி உள்ளூர் அமைப்பின் வலிமையைவிட வேட்பாளரையும் கூட்டணியையும் சார்ந்தே அமைந்தது தெரிகிறது. திருப்பதியில் 1983-இல் வென்றவர் கட்சியின் நிறுவனர். 2014-இல் வென்றவர் காங்கிரஸிலிருந்து வந்தவர். 2024-இல் கூட்டணியின் பெயரால் வென்றவர் எதிர்க்கட்சியின் சித்தூர் உறுப்பினராக இருந்தவர். நகரில் படிப்படியாக வளர்ந்த ஒருவரைக் கட்சி தொடர்ந்து இரு முறை சட்டமன்றத்துக்கு அனுப்பியதில்லை. மாவட்டத்தின் பெயரால் கட்சிக்குக் கிடைக்கும் பெருமை பெரும்பாலும் குப்பம் ஈட்டித் தந்தது.

2021-இல் அமைந்த மாநகராட்சி மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2026 மார்ச்சுடன் முடிகிறது. சட்டமன்றத்திலும் மக்களவையிலும் சைக்கிள் சின்னத்தைக் காணாத திருப்பதி வாக்காளர்கள் அச்சின்னத்துக்கு நேரடியாக வாக்களிக்கும் வாய்ப்பு அடுத்த மாநகராட்சித் தேர்தலில்தான் அமையும். ஜனசேனாவும் பா.ஜ.க.வும் வட்டங்களில் பங்கு கோரும் நிலையில், 50 வட்டங்களில் எத்தனை தெலுங்கு தேசத்துக்குக் கிடைக்கும் என்பது கூட்டணிப் பேச்சில் முடிவாக வேண்டியது. உறுப்பினர்கள் அணி மாறியதால் கிடைத்த பெரும்பான்மையை வாக்குச்சாவடியிலும் பெற முடியுமா என்பதற்கு அத்தேர்தலே விடை தரும்.